தெருவின் இந்தப் பக்கம் மெடிக்கெய்ட் உண்டு, அந்தப் பக்கம் கிடையாது

டெக்சர்கானா என்று ஓர் ஊர். பாதி டெக்சஸில் இருக்கிறது, பாதி ஆர்கன்சாவில். ஊர் நடுவே ஓடும் ஸ்டேட் லைன் அவென்யூதான் எல்லை. அங்கே தபால் நிலையமும் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றமும் ஒரே கட்டடத்தில் இயங்குகின்றன. அந்தக் கட்டடமே எல்லைக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் ஒரு காலை டெக்சஸிலும் மறு காலை ஆர்கன்சாவிலும் ஊன்றிப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. (65 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் தரும் மெடிகேர் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) இந்த ஊரில் ஓட்டலில் பாத்திரம் கழுவும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 40, குழந்தை இல்லை, உடல் ஊனம் இல்லை, ஆண்டு வருமானம் 12,000 டாலர். அவர் குடியிருக்கும் வீடு ஆர்கன்சா பக்கம் என்றால் மெடிக்கெய்ட் உண்டு. தெருவைத் தாண்டி டெக்சஸ் பக்கம் என்றால் இல்லை. அதே ஓட்டல், அதே சம்பளம். இரண்டு பக்கத்துக்கும் ஃபெடரல் வரி விகிதமும் ஒன்றுதான்.

இது ஏதோ நிர்வாகக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். காரணம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது.

1787இல் எழுதப்பட்ட சாசனம் வாஷிங்டனுக்கு, அதாவது ஃபெடரல் அரசுக்கு, எல்லா அதிகாரத்தையும் தரவில்லை. இன்னின்னது செய்யலாம் என்று எண்ணித்தான் கொடுத்தது. கொடுக்காததெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்று 1791இல் வந்த பத்தாவது திருத்தம் அழுத்திச் சொன்னது. வாஷிங்டனுக்குக் கொடுத்த பட்டியலில் ‘சுகாதாரம்’ என்று ஓர் இனம் கிடையாது. ஆனால் நாட்டின் பொது நலனுக்காக வரி வாங்கலாம், செலவு செய்யலாம் என்று இருக்கிறது. அந்த ஒற்றை வாசல் வழியாகத்தான் மெடிக்கெய்ட் வந்தது. ‘நான் பணம் தருகிறேன், என் நிபந்தனைப்படி நீ நடத்து’ என்று வாஷிங்டன் மாநிலத்திடம் சொல்கிறது. மாநிலம் வேண்டாம் என்றும் சொல்லலாம். 1965இல் சட்டம் வந்தும் அரிசோனா 1982 வரை சேராமலே இருந்தது.

அதனால்தான் இந்தத் திட்டத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு பெயர்: கலிஃபோர்னியாவில் மெடி-கேல், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், டென்னசியில் டென்கேர். செலவில் வாஷிங்டனின் பங்கும் வேறுபடும். தலா வருமானம் அதிகமுள்ள கலிஃபோர்னியாவுக்கு வழக்கமான செலவில் 50 சதவீதம் வருகிறது. அதற்குக் கீழே எந்த மாநிலத்துக்கும் போகாது. ஏழை மாநிலமான மிசிசிப்பிக்கு முக்கால் பங்குக்கும் மேல் வருகிறது.

ஏற்றுக்கொண்ட மாநிலம் சில பேரை விடவே முடியாது. 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குக் குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 133 சதவீதம் வரை இருந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். டெக்சஸும் இதற்கு விலக்கில்லை. பிள்ளைக்கு முறையான பரிசோதனைகள், பல், கண், காது, கண்டுபிடித்த நோய்க்குத் தேவையான சிகிச்சை எல்லாம் இதில் அடங்கும். தகுதி இருந்தால் ‘இந்த ஆண்டு இடம் தீர்ந்துவிட்டது’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. இது சலுகை அல்ல, சட்டப்படியான உரிமை. தங்களுக்குக் கிடைக்காது என்பதாலேயே பிள்ளைக்கும் கிடைக்காது என்று பெற்றோர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

சிக்கல் எல்லாம் பெரியவர்களுக்குத்தான். 2010இல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை வருமானமுள்ள, 65 வயதுக்குட்பட்ட எல்லாப் பெரியவர்களையும் சேர்க்கச் சொன்னது. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் தனி ஆளுக்கு வறுமைக் கோடு 15,650 டாலர். அதில் 138 சதவீதம் ஏறத்தாழ 21,600. புதிதாகச் சேர்பவர்களின் செலவில் இப்போது 90 சதவீதத்தை வாஷிங்டன் ஏற்கிறது. சேர்க்க மறுத்தால் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் மெடிக்கெய்ட் பணம் முழுவதையும் நிறுத்தலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் பிடி.

26 மாநிலங்கள் வழக்குக்குப் போயின. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் இந்தப் பிடி செல்லாது என்றார்கள். இதே நீதிமன்றம் 1987இல், மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தைப் பிடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. அது ஆசை காட்டுவது. மாநிலத்தின் மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும் என்று மிரட்டுவது வேறு. இதைத் தலையில் துப்பாக்கி வைப்பதற்கு ஒப்பிட்டு எழுதினார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். மெடிக்கெய்டின் இந்த விரிவாக்கம் அன்றிலிருந்து மாநிலத்தின் விருப்பமாகிவிட்டது.

40 மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. சிலவற்றில் சட்டமன்றமோ ஆளுநரோ மறுத்தபோது மக்களே வாக்கெடுப்பு நடத்தி வாங்கிக்கொண்டார்கள். 2017இல் மெய்ன் அதைத் தொடங்கி வைத்தது. டெக்சஸில் அதற்கு வழியில்லை. கையெழுத்துத் திரட்டிச் சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமையை அந்த மாநிலச் சாசனம் மக்களுக்குத் தரவில்லை.

தீர்ப்பின் தர்க்கத்தை நான் மதிக்கிறேன். மாநிலங்களை மிரட்டிப் பணிய வைக்கலாம் என்று விட்டால் கூட்டாட்சி என்ற சொல்லுக்குப் பொருளில்லை. ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். தனியார் காப்பீடு வாங்குவோருக்கு ஒபாமாகேர் தரும் மானியம் வறுமைக் கோட்டில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பவர்கள் எல்லாருக்கும் மெடிக்கெய்ட் கிடைத்துவிடும் என்று நினைத்து எழுதிய சட்டம் அது. இப்போது டெக்சஸ் பக்கம் 16,000 டாலர் சம்பாதிப்பவருக்கு மானியம் உண்டு, 12,000 சம்பாதிப்பவருக்கு மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை. அதிக ஏழைக்கு உதவி குறைவு. இப்படி ஒரு பள்ளத்தை எந்தச் சட்டமன்றமும் வேண்டுமென்று தோண்டவில்லை. ஆனால் அதை மூடும் அதிகாரம் இருந்தும் மூடாமல் இருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மா பற்றி. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலும் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன் பிறகும், அவர்களை வரவழைத்துப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட பிள்ளையின் வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிட இடமுண்டு. சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தை ஆண்டின் எந்த நாளிலும் கொடுக்கலாம். மாநிலத் துறையிடமோ ஃபெடரல் காப்பீட்டு இணையதளம் வழியாகவோ கொடுக்கலாம். வழக்கமான விண்ணப்பத்துக்கு 45 நாளுக்குள்ளும், ஊனத்தின் அடிப்படையில் கேட்டால் 90 நாளுக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விசாரணை கேட்டு மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மேல்முறையீட்டுக்கான கடைசி நாள் அதில்தான் இருக்கும்.

ஆர்கன்சா பக்கம் இருப்பவர் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. 2025இல் வந்த சட்டப்படி, விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது சமூக சேவை செய்ததாகக் காட்ட வேண்டும். 2027 ஜனவரி 1க்குள் மாநிலங்கள் இதை அமலுக்குக் கொண்டுவர வேண்டும். சிறு பிள்ளைகளின் பெற்றோர், கடும் நோயுள்ளவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. ஆர்கன்சா 2018இல் இதேபோல ஒரு விதியை நடத்திப் பார்த்தது. ஒரு நீதிபதி அதை நிறுத்தும் முன்னரே ஏறத்தாழ 18,000 பேர் காப்பீட்டை இழந்திருந்தார்கள். எனவே சம்பளச் சீட்டுகளை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.

சரி, டெக்சஸ்காரர் தெருவைத் தாண்டிக் குடிபோனால்? உடனே விண்ணப்பிக்கலாம். ‘இங்கே ஓராண்டு இருந்துவிட்டு வா’ என்று சொல்ல எந்த மாநிலத்துக்கும் அதிகாரமில்லை. நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆஸ்துமா நோயாளிக்கு, ஓராண்டு வாசம் இல்லை என்று அங்குள்ள மாரிகோபா கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) சிகிச்சைச் செலவை மறுத்தது. மாநிலம் விட்டு மாநிலம் போய் வாழும் உரிமையைச் சாசனம் காக்கிறது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அங்கேயே வாழும் எண்ணத்தோடு குடிவந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பழைய மாநிலத்து மெடிக்கெய்ட் கூடவே வராது. அங்கே இருந்ததை ரத்து செய்துவிட்டு, புது முகவரியைக் காட்டும் வாடகை ஒப்பந்தமோ மின் கட்டண ரசீதோ கையில் வைத்துக்கொண்டு புதிதாகத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.