கிட்டங்கி: சரக்கு கிடந்த இடமா, ஆள் இருந்த இடமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வயதானவர்களிடம் கிட்டங்கி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "எங்க ஐயா சிங்கப்பூருல கிட்டங்கியில இருந்தாக" என்பார்கள். அவர்களுக்கு அது ஆள் இருந்த இடம், கடை வைத்திருந்த இடம். அகராதியைப் புரட்டினால் சரக்கு வைக்கும் இடம், பண்டசாலை என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இரண்டும் சரிதான். ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்க்காமல் எழுதுகிறவர்கள் கையில் "செட்டியார்கள் கிடங்குகளில் வாழ்ந்தார்கள்" போன்ற வாக்கியங்கள் வந்து விழுகின்றன. படிக்கிற பிள்ளைகள், பாட்டனார் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்திருந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ஊர் செட்டிநாடு, பிழைப்பு சென்னையில், தொழில் துறைமுக வரலாறு. ராயபுரம் பக்கம் தினமும் கண்ணில் படுகிற சொல் 'குடோன்'. ஊருக்குப் போனால் காதில் விழுவது 'கிட்டங்கி'. அரசாங்கக் கடிதத்தில் வருவது 'கிடங்கு'. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. குடோனுக்குச் சரியான தமிழ்ச் சொல் எது என்று கேட்பவர்களும் உண்டு.

வேர் 'கிட'. படுத்துக் கிட, சும்மா கிட என்கிறோமே, அதே கிட. ஆட்டுக்கிடை, கிடக்கை, கோப்பைக் கிடப்பில் போடுவது எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். கிடங்கும் அப்படித்தான். ஆனால் சங்க காலத்தில் கிடங்கு என்றால் சரக்கறை அல்ல, அகழி. மதுரையின் கோட்டையைச் சொல்லும்போது மதுரைக்காஞ்சி 'மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கு' என்கிறது. தண்ணீர் தங்கிக் கிடக்கும் பள்ளம் அது. திண்டிவனத்தை ஒட்டி கிடங்கில் என்று ஓர் ஊரே உண்டு. சங்கப் புலவர் சிலர் பெயரில் அந்த ஊர் முன்னே நிற்கும். தென்மாவட்டங்களில் கல்லுடைக்கும் பள்ளத்தை இன்றும் கல்கிடங்கு என்பார்கள். ஆக, முதல் பொருள் பள்ளம். தானியத்தைக் குழி வெட்டிப் போட்டுவைக்கும் வழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. பள்ளத்தில் கிடந்தது தண்ணீர் என்பது போய் தானியம் என்றானதும், பெயர் சரக்கறைக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் பள்ளம் மறைந்து சுவரும் கூரையும் வந்த பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை.

இதே சொல் மலையாளத்திலும் கன்னடத்திலும் உண்டு. தெலுங்கில் 'கிட்டங்கி' என்பதை மெல்ல உச்சரிப்பார்கள்; முதல் எழுத்து கங்கையின் 'க', நடுவில் வருவது இரட்டித்த மெல்லிய 'ட'. நம் கிட்டங்கி அங்கே போய்வந்த சொல் என்பது என் முடிவு. காரணம் அந்த இரட்டை 'ட்ட'தான். தமிழ்க் கிடங்கு நேராகத் திரிந்திருந்தால் கிடங்கி என்றுதான் நின்றிருக்கும். ஒலி இரட்டிக்க ஒரு தேவையும் இல்லை. தெலுங்கின் இரட்டித்த ஒலியைத் தமிழ் எழுத்தில் பிடித்தால் 'ட்ட' என்றுதான் வரும். சோழமண்டலக் கரையில் மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை தெலுங்கு வணிகரும் தமிழ் வணிகரும் ஒரே கப்பலில் சரக்கு ஏற்றியவர்கள். ஒருவர் வாய்ச்சொல் இன்னொருவர் கணக்கில் ஏறியதில் வியப்பில்லை. இலங்கையிலும் கல்முனைப் பக்கம் கிட்டங்கி என்றே ஓர் இடம் இருக்கிறது.

சரி, குடோன்? அது கடல் தாண்டிப் போய்த் திரும்பிய கதை. போர்ச்சுக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அதற்கு வெகு முன்பே அங்கே தமிழ், தெலுங்கு வணிகர்கள் பெருந்தனக்காரர்களாக இருந்தார்கள். மலாய்க்காரர்கள் அவர்களைக் கெலிங் என்றார்கள். 16ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுக்கீசியர் எழுத்திலேயே கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சரக்கறைக்கு 'குதாவ்' என்ற சொல் வந்துவிடுகிறது. ஓலைக் கூரை வேய்ந்த ஊரில் தீப்பிடித்தால் சரக்கு தப்ப வேண்டுமே, அதற்காகக் கட்டியவை. மலாயில் அது 'குடாங்', சிங்களத்தில் 'குதாம', இந்தியில் 'கோதாம்'. ஆங்கிலேயன் நாக்கில் 'கோடவுன்' ஆனது. சரக்கைக் கீழே இறக்குவதால் 'கோ டவுன்' என்று வந்ததாக ஒரு கதையை வகுப்பறைகளிலேயே சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. இந்தோனேசியாவின் பேர்பெற்ற கிராம்புச் சிகரெட் 'குடாங் காரம்'. அட்டையில் இருக்கும் அந்தப் பெயருக்கு நம் ஊர்க் காரத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உப்புக் கிடங்கு என்றுதான் பொருள்.

1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, கோடவுனுக்கு மலாய்ச் சொல்லைக் காட்டி, அதற்கும் பின்னால் 'சரக்கு கிடக்கும் இடம்' என்ற பொருளில் தெலுங்குச் சொல்லையும் தமிழ்க் கிடங்கையும் காட்டுகிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய மொழிகள் தெரிந்தவர். பிற்கால ஆங்கில அகராதிகள் மலையாள, கன்னடச் சொற்களையும் சேர்த்தே காட்டுகின்றன. இதை வைத்துக்கொண்டு "உலகத்துக்கே கிடங்கைக் கொடுத்தவன் தமிழன்" என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கொடுத்தது தென்னிந்தியக் கரை முழுவதும். அதில் நம் பங்கும் உண்டு, அண்டை வீட்டார் பங்கும் உண்டு.

இனி நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின் கிட்டங்கி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுக்குத் தொழிலுக்குப் போவதை நகரத்தார் 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். பேச்சில் கொண்டுவிக்கப் போறது. பெயரே சொல்லிவிடுகிறது: ஆரம்பத்தில் சரக்கைக் கொண்டுபோய் விற்றவர்கள். அந்தக் காலத்தில் இறங்கிய துறையில் சரக்கு வைக்க இடம் வேண்டும், காவலுக்குப் பக்கத்திலேயே ஆளும் இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தொழில் மாறியது; சரக்கு குறைந்து கொடுக்கல் வாங்கல் பெருகியது. கீழ்ப் பர்மாவின் நெல் வயல், மலாயாவின் ஈயச் சுரங்கம், ரப்பர் தோட்டம், சிங்கப்பூர்க் கடைக்காரர்கள் என்று எல்லாருக்கும் கடன் கொடுத்தார்கள். மூட்டை போய்ப் பேரேடும் இரும்புப் பெட்டியும் வந்தன. இடத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை.

சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றார்கள். ஆற்றங்கரைக்கு நடந்து போகிற தூரம். அங்கே நீளமான கடைவீடுகளில் கிட்டங்கிகள் இருந்தன. கீழ்த்தளம் ஒரே கூடம், நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் வரிசையாக ஆளுக்கொரு இடம். ஒருவருடைய இடம் என்றால் என்ன? தரையில் பாய், சாய்ந்த மூடி போட்ட ஒரு தணிந்த மேசைப்பெட்டி, பின்னால் ஒரு அலமாரி, ஒரு பணப்பெட்டி. அவ்வளவுதான் மொத்த வங்கியும். தடுப்புச் சுவர் கிடையாது. கடன் கேட்டு வருகிறவர் சீனரோ மலாய்க்காரரோ, எதிரில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பக்கத்து இடத்துக்காரர் காதில் விழாமல் எதுவும் பேச முடியாது. எனக்கு அதுதான் அந்த ஏற்பாட்டின் சூட்சுமமாகப் படுகிறது: யாருக்கு யார் கொடுத்தார், யார் திருப்பவில்லை என்பது மாலைக்குள் கூடத்துக்கே தெரிந்துவிடும். கடன் தகவலுக்கென்று தனி அலுவலகம் எதற்கு?

பின்கட்டில் சமையல், மாடியில் படுக்கை. முதலாளி பெரும்பாலும் ஊரில். அங்கே இருந்தவர்கள் கடையை நடத்தும் மேலாள், அவருக்குத் துணையான அடுத்தாள், பெட்டியடிப் பையன். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு பொதுவாக மூன்று வருடத்துக்குப் போவார்கள். குடும்பம் ஊரில் இருக்கும். பிள்ளை பிறந்ததைக் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்ட அப்பச்சிமார் (தகப்பன்மார்) எத்தனையோ பேர். பயணம் கப்பலில்தான். 1926இல் கட்டிய ரஜூலா, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு எழுபதுகள் வரை ஓடியது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் சில வீட்டு முகப்பில் பேச்சு அரைமணி நேரம் நீளும்.

கிட்டங்கியின் அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு நான் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கம் பார்ப்பேன். வளவு வீட்டில் வாசல் எனப்படும் திறந்த முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது தம்பதிக்கும், ஓர் அறை, சாமான் வைத்துப் பூட்டிக்கொள்ள. பட்டாலையும் வாசலும் எல்லாருக்கும் பொது. வரவுசெலவு தனி, கூரை ஒன்று. கிட்டங்கியிலும் அதே கணக்குத்தான், புள்ளியின் இடத்தில் விலாசம் இருக்கும். விலாசம் என்றால் இங்கே முகவரி அல்ல. பாட்டன், தகப்பன், பிள்ளை பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த கடைப்பெயர். ஒரே கூரையின் கீழ் பல விலாசங்கள்.

கூடவே கோயிலும் வந்துவிட்டது. பினாங்கில் 1857, சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859, இரண்டும் தண்டாயுதபாணி. கிட்டங்கியில் தொழில், கோயிலில் கூட்டம். நடப்பு வட்டி இந்த மாதம் எவ்வளவு என்பதைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்த இடம் ரங்கூனில் கோயில்தான்.

செட்டித் தெருவின் பழைய வீடுகள் எண்பதுகளின் தொடக்கத்துக்குள் போய்விட்டன. 1984இல் அதே தெருவில் கோல்டன் ஷூ என்ற பல அடுக்கு வாகன நிறுத்தம் எழுந்தது. 2017இல் அதையும் இடித்தார்கள். இப்போது அங்கே 51 மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது.

சரியான தமிழ்ச் சொல் எது என்ற கேள்விக்கு வருவோம். குடோனுக்குக் கிடங்கு போதும். தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் என்று அரசே வைத்திருக்கிறது, பேச்சிலும் உறுத்தாது. குப்பைக் கிடங்கு என்று செய்தியில் தினமும் அடிபடுவதால் அந்தச் சொல்லுக்கே ஒரு நாற்றம் வந்துவிட்டதாக ஒரு வணிக நண்பர் குறைப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னை பெருங்குடியின் தாழ்வான சதுப்பில் குப்பையைக் கொட்டுவதும் ஒருவிதத்தில் பழைய பொருளான பள்ளத்துக்கே திரும்பியதுதான். பண்டகசாலை நல்ல சொல்தான், ஆனால் கூட்டுறவுக் கடையின் பெயராகவே நம் காதில் பழகிவிட்டது. களஞ்சியம் நெல்லுக்கு, இலங்கையில் களஞ்சியசாலை என்று எல்லாச் சரக்குக்கும் சொல்கிறார்கள், அதுவும் அழகுதான்.

நகரத்தார் கிட்டங்கிக்கு மட்டும் மாற்றுச் சொல் தேடாதீர்கள். விடுதி என்றால் தொழில் விட்டுப்போகும், வட்டிக்கடை என்றால் சமையலும் படுக்கையும் விட்டுப்போகும், கிடங்கு என்றால் இரண்டுமே போய்விடும். கிட்டங்கி என்றே எழுதி, முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

வீட்டில் பழைய கடிதமோ பத்திரமோ வைத்திருப்பவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்தால் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மூட்டை, நிறை, கப்பல் கூலி என்று வந்தால் சரக்கறை. வாடகை, சமையல் செலவு, இன்னார் கிட்டங்கி இத்தனாம் நம்பர் என்று வந்தால் செட்டித் தெருக் கூடம். இரண்டும் கலந்து வருகிற கடிதம் கையில் இருந்தால் அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். சரக்கிலிருந்து பணத்துக்கு மாறிய காலத்துக் கடிதமாக இருக்கலாம், என்னைப் போன்றவர்கள் தேடுவது அதைத்தான்.