பெயர் போடாத நோட்டீஸ் யார் கணக்கில் ஏறும்?

தேர்தல் வந்தால் அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கத்துக் கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "சார், நோட்டீஸ்ல நம்ம ஆள் பேரே இல்ல. எதிர்ல நிக்கிறவரைத் திட்டித்தான் போட்டிருக்கு. நான் காசு கொடுத்தா என்ன தப்பு?"

பெங்களூரில் வேட்பாளர்களின் செலவுக் கணக்கை எழுதிக் கொடுக்கும் ஆடிட்டர் நான். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கவலை வந்துவிடும். தலைவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். மாட்டிக்கொள்வது காசு கொடுத்தவரும் அச்சடித்தவரும்தான்.

கர்நாடகத்தில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரைதான் செலவு செய்யலாம். மக்களவைக்கு 95 லட்சம். கட்சிக்கு உச்சவரம்பு கிடையாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவு, வேட்பாளரும் அவருடைய தேர்தல் ஏஜென்டும் செய்த செலவோடு, அவர்கள் அனுமதித்துப் பிறர் செய்த செலவையும் கணக்கில் கொண்டுவரச் சொல்கிறது. அதனால்தான் திட்டும் விளம்பரமெல்லாம் 'நலம் விரும்பிகள்' பெயரில் வருகிறது. ஆனால் வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல், அவரை ஜெயிக்க வைப்பதற்காக வெளியாள் செலவு செய்தால் அதுவும் குற்றம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-வது பிரிவுப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். அனுமதி இருந்தால் வேட்பாளர் கணக்கு, இல்லையென்றால் உங்கள் தலை.

நான் பார்த்த ஒரு விவகாரத்தில், எதிர் வேட்பாளரைத் தாக்கி ஒரு நோட்டீஸும் ஒரு வாட்ஸ்அப் வீடியோவும் சுற்றின. "எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றார்கள் நான் கணக்கு எழுதிய வேட்பாளர் தரப்பினர். இரண்டிலும் 'சாக்கடை' என்பது 'சாக்கைட' என்று விழுந்திருந்தது. பழைய ஃபான்ட்டை யூனிகோடுக்கு மாற்றும்போது வருகிற பிழை அது. இரண்டும் ஒரே இடத்தில் தயாரானவையோ என்று சந்தேகம் வந்தது. அப்புறம் அந்தத் தரப்பு என்னிடம் கொடுத்த டிடிபி (கம்ப்யூட்டரில் நோட்டீஸ் வடிவமைக்கும் வேலை) பில்லைப் புரட்டினேன். கீழே பேனாவில், "வீடியோ எடிட்டிங் தனி, அவங்க கொடுப்பாங்க." அந்த 'அவங்க' யார் என்று தெரியாமல் நான் கணக்கில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

1974-ல் டில்லி சதர் தொகுதி வழக்கில், கட்சி செய்த செலவானாலும் வேட்பாளர் தெரிந்தே அதன் பலனை எடுத்துக்கொண்டால் அது அவர் செலவுதான் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கினார்கள். அந்தத் திருத்தம் நீங்க 2003 ஆயிற்று. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இது.

வேட்பாளரின் பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். தேர்தல் ஆணையத்தின் ஆட்கள், தாங்கள் கண்ட செலவை எழுதி, தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் இரண்டையும் ஒப்பிடுவார். இணையத்தில் காசு கட்டி ஓட்டும் விளம்பரமும் 2013 முதல் கணக்கில் சேர வேண்டும், முன்அனுமதியும் வாங்க வேண்டும்.

அச்சகம் வைத்திருப்பவர்களே, தயவுசெய்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவைப் படியுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நோட்டீஸில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரைத் தெரிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழி இரண்டு பிரதிகள் கைக்கு வராமல் மெஷினை ஓட்டாதீர்கள். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடித்து முடித்ததும் உறுதிமொழியில் ஒன்றையும் நோட்டீஸில் ஒன்றையும் அனுப்ப வேண்டும். பெங்களூர் மாநிலத் தலைநகர் என்பதால் அவை போக வேண்டியது தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு.