மீன் தொட்டித் தண்ணீர் இரவில் ஏன் வற்றுகிறது?

வெயில் அடித்தால் தண்ணீர் வற்றும், இரவில் வற்றாது என்றுதான் பொதுவாக நினைப்போம். முற்றத்தில் திறந்து கிடக்கிற தொட்டிக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் மட்டக்களப்புப் பக்கம் வீட்டு ஹோலுக்குள் இருக்கிற கண்ணாடித் தொட்டியில் ஒரு ரேப் துண்டை ஒட்டி, விடியவும் பொழுதுபடவும் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டுப் பாருங்கள். சில வீடுகளில் இரவு பகலை முந்திவிடும்.

குழப்பம் எல்லாம் அந்த ஈரப்பதன் சதவீதத்தால் வருகிறது. மத்தியானம் 32 பாகை, 65 சதவீதம். விடியப்புறம் 26 பாகை, 92 சதவீதம் என்று போனில் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 92 என்றவுடன் காற்று நிரம்பிவிட்டது, இனி ஆவி ஏற இடமே இல்லை என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் இரண்டு நேரத்திலும் ஒரு கன மீற்றர் காற்றில் இருக்கிற நீராவி ஏறத்தாழ 22 கிராம்தான். அந்தந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ அதில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் சதவீதம் சொல்கிறது. குளிரக் குளிர அந்த அதிகபட்சம் இறங்கும், நீராவி கூடாமலேயே எண் மட்டும் ஏறும்.

தொட்டிக்கு வேறு கணக்கு. நீர்ப்பரப்பை ஒட்டி நிற்கிற மெல்லிய காற்றுப்படலம் தண்ணீரின் வெப்பநிலைக்கு ஏற்ற அளவு ஆவியால் நிரம்பியிருக்கும். தண்ணீர் 29 பாகை என்றால் அங்கே கன மீற்றருக்கு 29 கிராம் அளவில் ஆவி, அறைக் காற்றில் 22. இந்த 7 கிராம் வித்தியாசம்தான் ஆவியை வெளியே தள்ளுகிறது. இரவில் தண்ணீர் 28 பாகைக்கு வந்தால் 27 கிராம், வித்தியாசம் 5. குறைந்ததுதான், நிற்கவில்லை. தண்ணீர் லேசில் ஆறுகிற பொருளும் இல்லை: வெளியே 6 பாகை இறங்கினால் வீட்டுக்குள் அவ்வளவு இறங்காது, தொட்டிக்குள் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும், அதுவும் சில மணித்தியாலம் பிந்தி.

இந்தப் பிந்தல்தான் எனக்குப் பிடித்த பகுதி. பகலில் அறைக் காற்று தண்ணீரைவிடச் சூடாக இருக்கிறபோது, பரப்பை ஒட்டிய படலம் கொஞ்சம் குளிர்ந்து, கனத்து, எழும்ப மனமில்லாமல் அங்கேயே கிடக்கும். ராத்திரி அறை ஆறி, தண்ணீர் மட்டும் இளஞ்சூட்டோடு இருந்தால் நிலைமை தலைகீழ். படலம் சூடாகவும் இருக்கிறது, ஈரமாகவும் இருக்கிறது. ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது (நீர் மூலக்கூறின் எடை 18, காற்றுக்குச் சராசரி 29), ஆக அது தானாக மேலெழும்ப, அந்த இடத்துக்கு ஆவி குறைந்த காற்று வந்து சேரும்.

இதையெல்லாம் விழுங்கிவிடக்கூடியது ஃபேன். பகலில் வீட்டில் ஆளில்லை, ஃபேன் நிற்கிறது. இரவில் ஹோலில் பாய் விரித்தவர்களுக்காக விடியும்வரை சுழல்கிறது, படலத்தை நிற்கவிடாமல் அடித்துக்கொண்டே போகிறது. மாரி மழைக்குள் துணியை ஃபேனுக்குக் கீழே காயவைக்கிறோமே, அதே வேலை. ஏர் பம்ப் குமிழிகளும் பரப்பைக் கலக்கி உதவும், ஆனால் அது பகலும் இரவும் ஓடுவதால் வித்தியாசத்துக்குக் காரணமாகாது.

எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால், 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம் உள்ள தொட்டியில் ஒரு மில்லிமீற்றர் இறங்கினால் 180 மில்லிலீற்றர் போய்விட்டது. அது ஆவியாக 440 கிலோயூல் அளவு வெப்பம் வேண்டும்; அறையிலிருந்து வெப்பமே வராவிட்டால் 50 லீற்றர் தண்ணீரை 2 பாகை குளிர்விக்க அது போதும். வெக்கை நாட்களில் தொட்டிக்கு மேல் சின்ன ஃபேன் பூட்டுவது இதற்காகத்தான்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மேலே சொன்ன 22 கிராம் கணக்கே மாறிவிடும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அழுந்திச் சூடேறி வருகிறது. மட்டக்களப்பில் 38 பாகைக்குக் கிட்டப் போகும் நாட்களும் உண்டு. 36 பாகை, 40 சதவீதம் என்று எடுத்தால் காற்றில் 17 கிராம்தான். 30 பாகைத் தண்ணீருக்கும் அதற்கும் இடைவெளி 13, வழக்கமானதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த நாட்களில் பகல் வெல்லவும் கூடும்.

கண்ணாடி மூடி போட்டவர்களுக்கு விடியக்காலம் மூடியின் அடியில் துளிகள் தொங்கும். இரவில் கண்ணாடி தண்ணீரைவிடக் குளிர்வதால் ஏறின ஆவி அங்கேயே படிந்து திரும்ப விழுகிறது. அப்படிப்பட்ட தொட்டியில் இரவுக் கோடு அசையாமலே இருக்கக்கூடும்.

அப்புறம் ஒன்று. போவது வெறும் தண்ணீர், உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்கும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி மட்டத்தை மட்டும் சரிசெய்துகொண்டிருந்தால் தொட்டித் தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும், ஆகவே இடைக்கிடை ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். கடல்மீன் வளர்ப்பவர்கள் வற்றினதை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், கடல் தண்ணீரால் அல்ல.