அக்குபங்சர்: குத்தூசியா, நுண்ணூசியா?

மெல்லிய ஊசிகளை உடலில் குத்திச் செய்யும் சீன மருத்துவமான அக்குபங்சரைத் தமிழில் குத்தூசி மருத்துவம் என்று எழுதுகிறார்கள். குத்தும் ஊசி, வினைத்தொகை, இலக்கணத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அரிசி மண்டிப் பக்கம் போய் வந்தவர்களுக்குக் குத்தூசி என்றதும் கண்முன் வருவது, சாக்கு மூட்டையில் சொருகி ஒரு பிடி அரிசியை வெளியே இழுத்துப் பார்ப்பார்களே, அந்த இரும்புதான். அக்குபங்சர் ஊசியோ கால் மில்லிமீட்டர் தடிமன், இரத்தம் எடுக்கும் ஊசியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, உள்ளே துளை கிடையாது, மருந்தும் ஏறாது. வெறுமனே ஊசி மருத்துவம் என்றால் ஊசி போடுவது என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் நுண்ணூசி மருத்துவம்தான் பொருத்தம் என்பேன்.

அக்குபங்சரைச் சீனச் சொல் என்றே பலரும் நம்புகிறார்கள். லத்தீனில் அக்குஸ் என்றால் ஊசி, பங்க்தூரா என்றால் குத்துதல். ஜப்பானின் நாகசாகியில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த வில்லெம் டென் ரைன 1683இல் வெளியிட்ட நூலில் வரும் பெயர் அது. சீனர்கள் சொல்வது ஜென்ஜியு. ஜென் ஊசி, ஜியு சூடு. நம்மூர் மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையைக் கொளுத்தித் தோலருகே பிடிப்பார்கள். லத்தீன் பெயரில் ஊசி மட்டும் தங்கிவிட்டது, சூடு விடுபட்டுப்போனது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

சரி, எப்படி வேலை செய்கிறது? சீன மரபுப்படி சி என்ற உயிராற்றல் உடலில் சில தடங்களில் ஓடுகிறது, அதில் 361 புள்ளிகள், அடைப்பு நீங்கினால் நோய் நீங்கும். உடலை அறுத்துப் பார்த்து இந்தத் தடங்களை யாரும் காட்டியதில்லை. ஆனால் ஊசியை மெல்லத் திருகும்போது அந்த இடம் கனத்து மந்தமாக வலிக்கும், அப்போது நரம்பு தூண்டப்பட்டு, உடலே சுரக்கும் எண்டார்ஃபின் வலியைத் தணிக்கிறது என்பது இன்றைய விளக்கம். ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களிடம் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள்: வழக்கமான சிகிச்சையைவிட ஊசி நன்றாகவே கேட்டது, ஆனால் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்.

முதுகுவலி, மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி, புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையால் வரும் குமட்டல், இவற்றுக்குப் போகலாம். குமட்டலுக்கான புள்ளி மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே இருக்கிறது. ஆனால் ஊசி குத்துபவர் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் புள்ளியைத் தொடுவதையும் அக்குபங்சர் என்கிறார்கள். அதற்குத் தொடு சிகிச்சை என்று நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது.