மாதிரி ரயிலுக்கு டிகோடர்: நாமே பொருத்துவதா, பொருத்தியதை வாங்குவதா?

சேலம் சந்திப்பில் ஈரோடு ஷெட்டின் (இன்ஜின் பராமரிப்புப் பணிமனை) மின்சார இன்ஜின்களைப் பார்த்துப் பழகிய ஒருவர், வீட்டில் எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில் சிறு ரயில் பாதை அமைக்கத் தொடங்கினால், இரண்டாவது இன்ஜின் வாங்கும்போதே ஒரு கேள்வி எழுந்துவிடும். தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு மின்னணுச் சுற்றான டிகோடர் உள்ளேயே பொருத்தப்பட்ட இன்ஜினை வாங்குவதா, சாதாரண இன்ஜினை வாங்கி டிகோடரை நாமே பொருத்திக்கொள்வதா? விலையை வைத்தே இதற்கு விடை தேடுவோர் அதிகம். ஆனால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் இரண்டு பிரஷ்களும் தண்டவாளத்தோடு எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பதைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய நேர்மின் முறையில் தண்டவாளத்துக்குத் தரும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை மாற்றுகிறோம். அதனால் ஒரே பாதையில் நிற்கும் எல்லா இன்ஜின்களும் ஒன்றாகவே ஓடும், ஒன்றாகவே நிற்கும். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் முறை 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாகக் கொண்டு, பின்னர் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கத்தால் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம், எச்.ஓ. அளவுக்கு ஏறக்குறைய 14 முதல் 16 வோல்ட் வரை, இருந்துகொண்டே இருக்கும். அதன் துருவம் மட்டும் நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோநொடி நீடித்தால் அது ‘1’. 100 மைக்ரோநொடி அளவுக்கு நீடித்தால் ‘0’. குறைந்தது பதினான்கு ‘1’கள் முன்னறிவிப்பாக வர, அவற்றைத் தொடர்ந்து இன்ஜினின் முகவரியும் கட்டளையும் பிழை சரிபார்க்கும் எண்ணும் வருகின்றன. சந்திப்பின் ஒலிபெருக்கி அறிவிப்பு நடைமேடையில் உள்ள எல்லோர் காதிலும் விழுந்தாலும், அந்த வண்டிக்குக் காத்திருப்பவர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுவதைப் போல, எல்லா டிகோடர்களும் எல்லாக் கட்டளைகளையும் கேட்டாலும் தன் முகவரிக்கு வந்ததை மட்டுமே ஒவ்வொன்றும் நிறைவேற்றுகிறது.

டிகோடர் தண்டவாள மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. துண்டுகளுக்கு இடைப்பட்ட கணங்களில், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஒரு சிறு ஜெனரேட்டராக மாறித் தரும் மின்னழுத்தத்தை அளந்து, வேகம் குறைந்திருந்தால் மின்சாரத்தைக் கூட்டுகிறது. ஏற்றத்திலும் இன்ஜின் திணறாமல் ஊர்ந்து செல்வது இதனால்தான்.

மோட்டாருக்கும் தண்டவாளத்துக்கும் இடையே டிகோடரைத் தவிர வேறு எந்த மின்பாதையும் இருக்கக் கூடாது என்பது இதிலிருந்து தெளிவாகும். பழைய இன்ஜின்கள் பலவற்றில் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சட்டம் ஒரு பக்கச் சக்கரங்களோடு இணைந்திருக்கும். நேர்மின் முறையில் இதனால் ஒரு தீங்கும் இல்லை. அதே இன்ஜினில் டிகோடரை இணைத்துப் பாதையில் வைத்தாலோ, தண்டவாள மின்சாரம் டிகோடரின் மோட்டார் முனைகளுக்குள் நேரே புகுந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அதை எரித்துவிடும். எனவே மேல்மூடியைக் கழற்றி, மோட்டார் இணைப்புகளைப் பிரித்தபின், மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒவ்வொரு பிரஷையும் இரு பக்கச் சக்கரங்களோடும் சட்டத்தோடும் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கேனும் ‘பீப்’ ஒலி கேட்டால், அந்த இடத்தைப் பிரித்துக் காப்பிடும் வரை டிகோடரை உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

அடுத்த சோதனை மின்னோட்டம். 12 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்து, சக்கரத்தை ஓரிரு நொடிகள் சுழலவிடாமல் பிடித்து, அப்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியரைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிகோடரின் தாங்குதிறன் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதன்பின் கம்பிகள். சிவப்பும் கறுப்பும் வலது, இடது தண்டவாளங்களுக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு. நீலம் விளக்குகளுக்கான பொது நேர்முனை. எல்.இ.டி. விளக்கானால் இடையில் ஒரு மின்தடை அவசியம். பெரும்பாலும் 1 கிலோ ஓம் போதும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் கைகளுக்கு நுணுக்கம் புதிதல்ல; ஆனால் அங்கே பயன்படும் தீச்சுடர் இதற்கு ஆகாது. 183 டிகிரியில் உருகும் ஈயக்கலவையும் ஊசிமுனைச் சால்டரிங் அயர்னும் வேண்டும். கை நடுங்குமென்று அஞ்சுபவர்கள் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கம்பிகளின் வண்ணங்களை எழுதிக் கொடுத்துப் பற்றவைத்து வாங்கலாம். அவர்கள் இதைவிட நுண்ணிய வேலையை அன்றாடம் செய்கிறார்கள்.

இன்ஜினில் 8 முனைச் சாக்கெட்டோ, 21 முனைச் சாக்கெட்டோ இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. மோட்டாரைத் தண்டவாளத் தொடர்பிலிருந்து தொழிற்சாலையிலேயே பிரித்து வைத்திருப்பார்கள். மூடியைக் கழற்றி டிகோடரைச் செருகினால் போதும். 8 முனைச் செருகியைத் திருப்பிச் செருகிவிட்டால் இன்ஜின் எதிர்த்திசையில் ஓடும், விளக்குகள் எரியா. எடுத்து மாற்றிச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இத்தகைய இன்ஜினை டிகோடர் இல்லாமல் வாங்கி, நமக்குப் பிடித்த டிகோடரைச் செருகிக்கொள்வதே சிறந்தது என்பேன்.

டிகோடர் பொருத்தியே வரும் இன்ஜினுக்கு நான் முதலிடம் தருவது இரண்டு இடங்களில்தான். ஒன்று, உள்ளே இடமே இல்லாத, எச்.ஓ.வைவிடச் சிறிய ‘N’ அளவு இன்ஜின்கள். மற்றொன்று, ஒலி எழுப்பும் இன்ஜின்கள். ஒலிபெருக்கிக்குக் காற்றுப் புகாத சிறு கூடு வேண்டும். அதற்கான இடத்தை வடிவமைப்பிலேயே ஒதுக்கியிருந்தால்தான் ஒலி கனமாக வரும். வேக அமைப்புகளையும் அந்த மோட்டாருக்கென்றே சீர்செய்திருப்பார்கள். ஆனால் பழுதானால் வாங்கிய இடத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தால் போக்குவரத்துச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் ஊரின் தட்பவெப்பமும் கவனிக்க வேண்டியதே. சித்திரை வெயிலில் மாடி அறை கொதிக்கும்போது, டிகோடரை முழுவதும் நெகிழி உறையால் சுற்றிவிட்டால் சூடு வெளியேற வழியின்றி அது தானாகவே நின்றுவிடக்கூடும். உலோகத்தைத் தொடும் பகுதிகளில் மட்டும் ‘கேப்டான்’ (Kapton) எனப்படும் வெப்பம் தாங்கும் காப்பு நாடா ஒட்டுவது நல்லது. ஏற்காட்டில் சிக்கல் வேறு. பனிமூட்டத்தின் ஈரத்தில் தண்டவாளத்தில் அழுக்குப் படலம் படிந்து தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். அங்கே டிகோடரோடு ஒரு மின்தேக்கியையும் சேர்த்துப் பொருத்தினால், தொடர்பு அறும் சிறு கணங்களை இன்ஜின் நிற்காமல் கடந்துவிடும்.

எந்த வழியில் வந்த இன்ஜினாயினும் முதலில், டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் தனியே ஒதுக்கிய நிரல் பாதையில் வைக்க வேண்டும். அங்கே மின்னோட்டம் மட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், இணைப்பில் தவறு இருந்தாலும் டிகோடர் தப்பிக்க வாய்ப்புண்டு. தன்னில் பதிந்துள்ள மதிப்பை நாம் கேட்கும்போது, விடையாக டிகோடர் மோட்டாரை ஒரு கணம் இயக்கி மின்னோட்டத்தை உயர்த்தும். இன்ஜின் இலேசாகத் துடிப்பது அதனால்தான். புதிய டிகோடரின் முகவரி வழக்கமாக 3 என்றே இருக்கும். ஈரோடு ஷெட்டின் டபிள்யூ.ஏ.பி.-4 வகை மின்சார இன்ஜின்கள் பல 22 ஆயிரத்தில் தொடங்கும் ஐந்து இலக்க எண்களைத் தாங்கியவை. கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில் முகவரி 9999-ஐத் தாண்டாது என்பதால், கடைசி நான்கு இலக்கங்களை நீண்ட முகவரியாகப் பதிந்து, டிகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடங்களான அமைப்பு மாறிகளில் இருபத்தொன்பதாவதில் உள்ள மதிப்போடு 32-ஐக் கூட்டிவிட்டு, மேல்மூடியை மாட்டலாம்.