ஒட்டுவதும் உரிப்பதும்: கடலோரக் காரின் பெயிண்டைக் காக்கும் படலம்

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை செல்லும் சாலையில், கச்சான் காற்று வீசும் மாதங்களில், மணல் தரையோடு தரையாகச் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டே இருக்கும். அந்தச் சாலையில் அடிக்கடி ஓடும் காரின் முன் பம்பரும், பானெட்டின் முன்விளிம்பும், சக்கரத்தை அடுத்துள்ள கதவின் கீழ்ப்பகுதியும் சில ஆண்டுகளில் பளபளப்பை இழந்து, கையால் தடவினால் சொரசொரப்பு தெரியும் அளவுக்குப் பொடிப்பொடியாகக் கொத்துப்பட்டிருக்கும். தொண்டி, தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரம் வந்து, கீழக்கரை, சாயல்குடி என்று தூத்துக்குடியை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணல் இந்த அளவுக்கு இல்லை. ஆனால் லாரிச் சக்கரம் தெறிக்கவிடும் ஜல்லியும், சாலையோரத்துச் சீமைக் கருவேல முள்ளும் அங்கே அதே வேலையைச் செய்கின்றன. இவற்றிலிருந்து பெயிண்டைக் காப்பதற்காக ஒட்டப்படும் ஒளி ஊடுருவும் படலத்தைக் கடைகளில் பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) என்கிறார்கள். அதை ஒட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். என்றாவது ஒருநாள் அதை உரிக்க வேண்டும் என்பதை ஒட்டும்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஆள்வது ஒரே பசையின் ஒரே குணம் என்பதால், இரண்டையும் சேர்த்தே விளக்குவதுதான் சரியாக இருக்கும்.

தொழிற்சாலையில் பூசப்படும் பெயிண்ட் பொதுவாக நான்கு அடுக்குகளைக் கொண்டது. தகட்டின் மேல் மின்னோட்டத்தின் உதவியால் படியவைக்கப்படும் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் ப்ரைமர், அதன் மேல் நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான் தடிமன்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் மட்டும் 40 அல்லது 50 மைக்ரான். இந்த அடுக்குகள் சூளையில் சூடேற்றி இறுக வைக்கப்பட்டவை என்பதால் கடினமானவை. கடினமான பொருளின் மேல் கூரிய கல் மோதும்போது அதன் ஆற்றல் முழுவதும் ஒரு புள்ளியிலேயே இறங்கி, அந்த இடம் சில்லாகப் பெயர்கிறது. சில் தகடு வரை ஆழ்ந்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது உப்பின் வேலை.

கடலுப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. அதனுடன் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும், கடலோரத்தில் இரவெல்லாம் வெளியில் நிற்கும் காரின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படிவு உருவாகி, பெயர்ந்த இடத்தில் இரும்பைத் தின்னத் தொடங்குகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிப்பதற்கு மண்டபம் என்ற கடலோர ஊரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: படலம் துருவுக்கு மருந்து அன்று. கதவின் அடிமடிப்பிலும் வண்டியின் அடிப்பாகத்திலும் உள்ளிருந்து கிளம்பும் துருவை அது தொடுவதே இல்லை. கல்லும் மணலும் பெயிண்டைத் திறந்துவிடாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. அந்த ஒரு வேலைக்காகவே இந்தக் கரையில் அதற்குச் செலவிடும் பணம் தகும் என்பது என் கருத்து.

படலத்தின் உடல் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த இந்தப் பொருள் பஞ்சு மெத்தையாகவும், செருப்பின் அடித்தட்டாகவும், வார்னிஷாகவும் பல வடிவங்களில் நம்மிடையே புழங்குகிறது. இது மணலுக்குக் கவசமான கதை வியட்நாம் போரில் தொடங்குகிறது. 1960-களில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழல் தகடுகள் மணலாலும் தூசியாலும் தேய்ந்துபோனபோது, 3எம் நிறுவனம் உருவாக்கிய பாலியூரித்தேன் நாடாவை அவற்றின் முன்விளிம்பில் ஒட்டிப் பார்த்துப் பலன் கண்டார்கள். ரப்பரைப் போல் அமுங்கி மீளும் பொருள், மோதும் துகளின் ஆற்றலைப் பரவலாக வாங்கித் திருப்பிவிடுகிறது. அதனால்தான் எஃகைத் தேய்க்கும் மணலிடம் அது தாக்குப்பிடிக்கிறது. பழைய படலங்கள் வெயிலில் மஞ்சளித்துப்போனதற்குக் காரணம், அவற்றின் மூலக்கூறில் இருந்த பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரை ஏற்று வேதிமாற்றம் அடைந்ததே. அந்த வளையங்கள் இல்லாத வகையைக் கொண்டு இன்றைய நல்ல படலங்கள் தயாராகின்றன. விலை குறைவு என்பதற்காகப் பிவிசி படலத்தை ஒட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. பிவிசியின் மென்மை அதில் கலக்கப்பட்ட மென்மையாக்கிப் பொருளால் வருவது. வெயிலில் அந்தப் பொருள் வெளியேறியதும் படலம் சுருங்கி நொறுங்கத் தொடங்கும். உரிக்கும் நாளில் அது என்ன பாடு படுத்தும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு நல்ல படலத்தின் மொத்தத் தடிமன் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். மேலே ஒரு மெல்லிய பூச்சு, நடுவில் பாலியூரித்தேன், கீழே அக்ரிலிக் பசை. மேற்பூச்சின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், துடைக்கும் துணியில் சிக்கிய மணல் கீறிய நுண்கோடுகள் வெயிலின் வெப்பத்தில் தாமாகவே மறைகின்றன. சங்கிலிகள் அறுந்து மீண்டும் இணைவதில்லை. இழுபட்டுக் கிடந்தவை வெப்பத்தால் நெகிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றன, அவ்வளவுதான். ஆகவே கருவேல முள் ஆழமாகக் கிழித்த இடம் எத்தனை நாள் வெயிலில் நின்றாலும் ஒன்றுசேராது.

இனி பசைக்கு வருவோம். இது காய்ந்து இறுகும் பசை அன்று. தண்ணீரோ கரைப்பானோ வெளியேறுவதால் பிடிப்பு உண்டாவதும் இல்லை. என்றும் ஈரம் காயாத, மிக மிகக் கெட்டியான திரவம் என்று இதைச் சொல்லலாம். அழுத்தினால் மெதுவாகப் பரவிப் பெயிண்டின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பாய்கிறது. அப்படி நெருங்கிய இடத்தில் மூலக்கூறுகளுக்கிடையிலான வான்டர்வால்ஸ் ஈர்ப்பு வேலை செய்கிறது. 3எம் ஆய்வாளர் கார்ல் டால்குவிஸ்ட் இதற்கு ஓர் எல்லையை வகுத்தார்: ஒரு பொருளின் விறைப்பு சுமார் 3 இலட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருந்தால்தான் அது தொட்டதும் ஒட்டும். விறைப்பு என்பது இந்தப் பசைக்கு நிலையான எண் அன்று. மெதுவாக அசைத்தால் திரவம்போல் நெகிழும், வேகமாக அசைத்தால் திடப்பொருள்போல் எதிர்க்கும். சூடேற்றினால் இளகும், குளிர்ந்தால் விறைக்கும். இன்னும் கூர்மையாகச் சொன்னால், பசையின் கண்ணுக்கு வேகமும் குளிரும் ஒன்றே, நிதானமும் வெப்பமும் ஒன்றே. ஒட்டுகிறவரும் உரிக்கிறவரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய அறிவியல் இதுதான்.

ஒட்டுவதற்கு முன் பெயிண்டைக் கழுவி, களிமண் போன்ற க்ளே பாரால் தேய்த்து, ஒட்டிக்கிடக்கும் உப்பையும் தார்ப்புள்ளிகளையும் நீக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைக்கிறார்கள். மெழுகோ செராமிக் கோட்டிங்கோ மீதமிருந்தால் பசை பரவாது. தண்ணீரை உருட்டி ஓடவிடும் பரப்பு பசையையும் ஏற்றுக்கொள்வதில்லை. பிறகு தண்ணீரில் சில துளிகள் குழந்தைகளுக்கான ஷாம்பூவைக் கலந்து, பெயிண்டின் மீதும் பசையின் மீதும் தாராளமாகத் தெளிக்கிறார்கள். அந்த நீர்ப்படிவு இருக்கும்வரை பசையால் பெயிண்டைத் தொட முடியாது. ஆகவே படலத்தை நகர்த்திச் சரியான இடத்தில் பொருத்த முடிகிறது. பானெட்டின் நடுவில் ஸ்கீஜி எனப்படும் ரப்பர் விளிம்புத் தள்ளியை வைத்து விளிம்பை நோக்கி இழுக்கும்போது, ரப்பர் விளிம்புக்கு முன்னால் நுரைநீர் ஒரு வரப்பாகத் திரண்டு ஓட, அதற்குப் பின்னால் வெளிறித் தெரிந்த படலம் சட்டென்று கண்ணாடியாகத் தெளிகிறது. தெளிந்த இடமெல்லாம் பசை பெயிண்டைத் தொட்ட இடம். வளைவுகளில் படலத்தை இழுத்துத்தான் உட்காரவைக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மீறி இழுத்தால், அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பவே முயலும். அந்த இழுவிசை மெதுவானது, இடைவிடாதது. மெதுவான விசைக்குப் பசை திரவமாக நெகிழ்ந்து கொடுப்பதால், அன்று கச்சிதமாக இருந்த விளிம்பு சில வாரங்களில் பின்வாங்கியிருக்கும். பம்பர் ஓரங்கள் கிளம்பிவருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பசை மட்டம் என்று பழி சொல்வது பல நேரங்களில் பொருந்தாது.

முழுப் பிடிப்பு உடனே வருவதில்லை. பசை நுண்பள்ளங்களுக்குள் பாய்ந்து முடிக்க ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவாமல் இருக்கச் சொல்வதில் நல்ல நியாயம் இருக்கிறது.

நம் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இந்தக் கட்டத்தில் நுழைகிறது. இராமநாதபுரத்துக் கடலோர ஊர்கள் பலவற்றில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதையே ஷாம்பூ கலந்து தெளித்தால், ஸ்கீஜியால் தள்ளிய பிறகும் படலத்தின் கீழே தங்கும் சிறுதுளிகளில் அந்த உப்பு இருக்கும். பாலியூரித்தேன் நீராவியைச் சிறிதளவு கசியவிடும் பொருள்; அதனால் தங்கிய நீர் சில நாள்களில் ஆவியாகிப் படலத்தின் வழியே வெளியேறிவிடுகிறது, உப்போ உள்ளேயே நிற்கிறது. ஈரமான இரவுகளில் அந்த உப்பு, அதே வழியாக வெளிக்காற்றின் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடலில் மூழ்கியிருக்கும் பெயிண்டின் அடியில் உப்பு சிக்கினால் கொப்புளம் எழுவதும் இதே ஊடுபரவல் விதிப்படிதான். பகலில் மறைந்து காலையில் தெரியும் சிறு கொப்புளங்களும், வட்ட வட்டமான வெண்தடங்களும் இப்படி உருவாகக்கூடியவை. கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ சில லிட்டர் செலவழித்தால் தீரும் விஷயம் இது. கடையில் படலத்தின் பெயரைக் கேட்கும் முன்பு, எந்தத் தண்ணீரைத் தெளிக்கிறீர்கள் என்று கேட்பது நல்லது. திறந்த வெளியிலோ கொட்டகையிலோ ஒட்டுவதும் இங்கே ஆகாது: காற்று ஒரு மணல் துகளைக் கொண்டுவந்து உள்ளே போட்டால், அதைச் சுற்றிப் பசை பெயிண்டைத் தொடாத ஒரு கூடாரம் நிரந்தரமாக நிற்கும். உச்சி வெயிலில் சுடும் தகட்டின் மேல் நீர்ப்படிவு நொடிகளில் காய்ந்து, இளகிய பசை தொட்ட இடத்திலேயே பற்றிக்கொள்ளும் என்பதால், மூடிய அறையும் காலை நேரமும் ஏற்றவை.

உரிப்பதற்கான நாள் 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் வரும். மேற்பூச்சு மங்கி, விளிம்புகளில் அழுக்குக்கோடு ஏறி, படலம் மஞ்சளிக்கத் தொடங்கினால் மேலும் காத்திருக்கக் கூடாது. நாள் ஆக ஆகப் பசையின் சங்கிலிகள் கூடுதலாகப் பிணைந்து இறுகுகின்றன, படலத்தின் உறுதியோ குறைகிறது. படலம் பசையைவிட வலுவாக இருக்கும்போதுதான் அது ஒரே துண்டாக வரும்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னையோ நீராவியையோ கொண்டு படலத்தைச் சுமார் 50, 60 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றி, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மெதுவாக இழுக்க வேண்டும். சடாரென்று இழுத்தால், சூடேற்றியதன் பயன் அந்த வேகத்திலேயே போய்விடும்: வேகம் பசையைக் குளிர்ந்த பசையாக விறைக்கச் செய்து, விசையைப் பல மடங்காக்கி, அதைப் பெயிண்டின் அடுக்குகள் மீது சுமத்துகிறது. எதிர்த்திசையிலும் ஓர் எல்லை உண்டு. நடுப்பகலில் 70 டிகிரியைத் தொடும் கறுப்பு பானெட்டில் வெயிலை நம்பி உரித்தால், பசை அளவுக்கு மீறி இளகித் தன்னுள்ளேயே அறுந்து, பாதி படலத்தோடும் பாதி பெயிண்டோடும் போகும். பிசுபிசுப்பு இழை இழையாக நீண்டால் சூடு அதிகம். விட்டு விட்டுப் படபடவென்று சத்தத்தோடு வந்தால் சூடு போதவில்லை அல்லது கை வேகமாகப் போகிறது. ஓசையற்று, ஒரே சீராக, பெயிண்டில் எதையும் விடாமல் பிரிந்து வரும் வேகத்தை விரல்களே சில நிமிடங்களில் கண்டுகொள்ளும்.

இழுக்கும் கோணமும் முக்கியம். செங்குத்தாக மேல்நோக்கி இழுப்பதைவிட, படலத்தை அதன் மீதே மடித்து, தகட்டை ஒட்டிப் பின்னோக்கி இழுப்பது நல்லது. 1944-இல் ரொனால்டு ரிவ்லின் தந்த கணக்கின்படி, நீளாத ஒரு நாடாவை 180 டிகிரியில் மடித்து உரிக்கத் தேவைப்படும் விசை, 90 டிகிரியில் தேவைப்படுவதில் பாதிதான். நம் படலம் நீளும் பொருள் என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பெயிண்டைத் தகட்டிலிருந்து நேராகத் தூக்கும் இழுப்பைத் தவிர்ப்பதற்கு அந்தக் கோணமே ஏற்றது.

மிகப் பெரிய ஆபத்து மறுபெயிண்ட் அடித்த பாகங்களில் இருக்கிறது. தொழிற்சாலைப் பெயிண்ட் 140 டிகிரி அளவில் சுடப்பட்டது. பட்டி பார்த்து ஒர்க்‌ஷாப்பில் அடிக்கும் பெயிண்ட் 60 டிகிரியிலோ வெறும் காற்றிலோ காய்ந்தது. கீழே துருவும் உப்பும் சரியாக நீக்கப்படாமல் அடிக்கப்பட்டிருந்தால், பெயிண்டைப் பசை பிடித்திருக்கும் வலுவைவிடப் பெயிண்ட் தகட்டைப் பிடித்திருக்கும் வலு குறைவாக இருக்கும். உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்தே வரும். பழைய வண்டி வாங்கியவர், எந்தக் கதவுக்கு மறுபெயிண்ட் அடித்திருக்கிறது என்பதைத் தடிமன் அளக்கும் கருவியால் பார்த்துக்கொண்ட பிறகே உரிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். நொறுங்கிப்போன பிவிசி படலமாக இருந்தால் அது விரல்நக அளவுச் சில்லுகளாகவே வரும். ஒரு பானெட்டுக்கே ஒரு பகல் போகலாம். அவசரப்பட்டு உலோகத் தகட்டால் சுரண்டினால், படலம் அத்தனை ஆண்டுகள் காத்த கிளியர் கோட் அன்றே போய்விடும்.

மிச்சமிருக்கும் பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ, சிட்ரஸ் எண்ணெய் கலந்த பசைநீக்கியோ நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடங்கள் போட்டு, அது உப்பி இளகிய பின் துடைத்தெடுக்க வேண்டும். தின்னர் மறுபெயிண்ட் அடித்த பாகங்களைக் கரைத்துவிடும் என்பதால் வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, சாய்வாக விளக்கு அடித்து, முன்விளிம்பிலும் சக்கர வளைவிலும் தகடு வரை இறங்கிய சில்லுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவற்றின் துருவை நீக்கி டச்சப் பெயிண்ட் வைத்து, அந்த பெயிண்டின் கரைப்பான் முழுவதும் வெளியேற ஏறக்குறைய ஒரு மாதம் விட்ட பின்னரே அடுத்த படலத்தை ஒட்டலாம்.