சுவரில் ஒட்டிய இலையும் பொக்கற்றில் வந்த இலையும்

செப்டெம்பர் கடைசி வாரம் வந்தால் கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோப் பகுதி டொலர் கடைகளின் முன்தட்டு நிறம் மாறிவிடும். துணியில் செய்த மேப்பிள் இலைச் சரம், பிளாஸ்ரிக் பூசணி, வைக்கோல் பொம்மை, மினுங்கும் தூள் பூசிய ஓக் விதை. முன்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் இரண்டு பை நிறைய வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் சாப்பாட்டு மேசையில் இருந்து கடதாசி மரம் வெட்டினேன். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று நூற்றுக்கு மேல் இலை, அத்தனையும் லாமினேற் செய்தது. திங்கள் காலை கூட வேலை செய்பவர்கள் போனில் படம் எடுத்தார்கள். பிள்ளைகள் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கட்டைகளோடு விளையாடப் போய்விட்டார்கள். நாலு வயதுக்காரன் ஒருவன் மட்டும் கிட்டப் போய் நின்று, "கறுப்புப் புள்ளி எங்கே?" என்று கேட்டான்.

எனக்கு விளங்கவில்லை. வெளியே விளையாடப் போனபோது வேலியோரம் கிடந்த ஓர் இலையை எடுத்து என் கையில் வைத்தான். நோர்வே மேப்பிள் இலை. அதில் தார் தெறித்தது போலக் கறுப்புப் பொட்டுகள். ரொறன்ரோ தெருவோரங்களில் கனக்க நிற்கும் மரம் அது. அந்தப் பொட்டு ஒரு வகைப் பூஞ்சணம்; பார்க்கத்தான் பயங்கரம், மரத்தைச் சாகடிக்காது. எத்தனையோ வருடம் அந்த மரங்களுக்குக் கீழே நடந்திருக்கிறேன், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. என் நூறு இலையில் ஒன்றில்கூடப் பொட்டு இல்லை.

சுவர் அலங்காரத்தைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. பெற்றோருக்கும் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியைகளுக்கும் அடிக்கடி சொல்வேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அன்னா ஃபிஷரும் இன்னும் இருவரும் செய்து 2014இல் வெளியிட்டது. பாலர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கு ஆறு அறிவியல் பாடங்கள் நடத்தினார்கள். மூன்று பாடம் சுவர் நிறையப் படங்கள் உள்ள அறையில், மூன்று பாடம் வெறுஞ்சுவர் அறையில். நிறைந்த அறையில் பாட நேரத்தில் 38.6 சதவீதம் பிள்ளைகளின் கவனம் வேறெங்கோ போனது. வெறும் அறையில் 28.4. பிறகு கேட்ட கேள்விகளுக்கு வெறும் அறையில் 55 சதவீதம் சரியான பதில், நிறைந்த அறையில் 42. வெறும் 24 பிள்ளைகள்தானே என்று கேட்கலாம். சரி, சின்ன ஆய்வுதான். ஆனால் பாய்விரித்துக் கதை சொல்ல உட்காரும்போது யாருடைய கண் எங்கே ஓடுகிறது என்று தினமும் பார்க்கிறவளுக்கு அந்த எண்கள் புதினமாகப் படவில்லை.

அதற்காக மொட்டைச் சுவர் வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது நான் ஒரே ஒரு பலகை வைக்கிறேன், பிள்ளையின் கண் உயரத்தில். செப்டெம்பரில் அது வெறுமையாகவே இருக்கும். புதிய பெற்றோர் சிலர் அதைப் பார்த்து முகம் சுளிப்பதும் தெரியும். ஒக்ரோபர் நடுவில் பிள்ளைகள் கொண்டுவருபவற்றால் அது தானாக நிறைந்துவிடும். உட்கூரையிலிருந்து சரம் தொங்கவிடுவதை அடியோடு விட்டுவிட்டேன். வெளியேறும் கதவையும் தீயணைப்பு நீர்த்தெளிப்பானையும் மறைப்பது எந்தக் காலத்து அலங்காரத்துக்கும் ஆகாது.

அப்புறம் அந்தக் கைப்பதிவு வான்கோழி, பிள்ளையின் கை அச்சை வான்கோழியாக்கும் படம். கனடாவில் ஒக்ரோபர் இரண்டாம் திங்கள் நன்றி தெரிவிக்கும் நாள். அதற்கு முதல் வாரம் பல முன்பள்ளிகளில் ஒரே மாதிரியான 24 வான்கோழிகள் வரிசையாகத் தொங்கும். கண்ணையும் சொண்டையும் ஒட்டியது ஆசிரியை, பிள்ளை கொடுத்தது ஐந்து விரல். அம்மம்மாமாருக்கு அது நல்ல விருப்பம், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அதைச் செய்யும்போது பிள்ளை என்ன செய்தது என்று கேட்டால் வரிசையில் நின்றது என்றுதான் சொல்லவேண்டும்.

இலை பொறுக்குவது வேறு கதை. ஒன்ராறியோவில் முழுநாள் நடக்கும் பராமரிப்பு நிலையங்கள் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே கொண்டுபோக வேண்டும், காலநிலை இடம் கொடுத்தால். அந்த நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடதாசிப் பை. திரும்பி வந்ததும் பெரிய வெள்ளைச் சீலையில் கொட்டிவிடுவோம். அவர்களே பிரிப்பார்கள்: நிறப்படி, அளவுப்படி, ஓட்டை உள்ளது, ஓட்டை இல்லாதது. "நொறுங்குகிறது, நொறுங்காது" என்று ஒருத்தி பிரித்தாள்; எனக்கே தோன்றாத பிரிவு. இலையின் நரம்புப் பக்கம் மேலே வர வைத்து, மெல்லிய தாளைப் போட்டு, உறை உரித்த க்றேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு முழுதும் எழும்பி வரும். காய்ந்த இலை உடைந்துவிடும், அன்று விழுந்ததுதான் சரி. ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்பார்கள். மஞ்சள் முதலே உள்ளே இருந்தது, பச்சை போனதும் வெளியே தெரிகிறது. சிவப்பை மட்டும் மரம் இப்போதுதான் புதிதாகச் செய்கிறது. நாலு வயதுக்கு இவ்வளவு போதும்.

இதில் இரண்டு விடயத்தில் கவனம் வேண்டும். பிள்ளைக்குச் சிவப்பு இலைதான் முதலில் கண்ணில் படும். ரொறன்ரோவின் பள்ளத்தாக்குப் பாதைகளில் இலையுதிர்காலத்தில் நன்றாகச் சிவக்கும் செடிகளில் ஒன்று பொய்சன் ஐவி. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்குக் காம்பு கொஞ்சம் நீளம். அதன் எண்ணெய் பட்டால் தோல் சிவந்து கொப்பளிக்கும். காய்ந்து விழுந்த இலையிலும் அந்த எண்ணெய் இருக்கும். எனவே எங்கள் விதி எளிது: நிலத்தில் தனியாகக் கிடக்கும் பெரிய மரத்து இலை மட்டும். கொடியிலோ புதரிலோ பிடுங்கக்கூடாது, மூன்று சேர்ந்திருந்தால் தொடக்கூடாது. தப்பித் தொட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். இரண்டாவது, உண்ணி. லைம் நோயைக் கொண்டுவரும் கறுப்புக்கால் உண்ணி ஸ்காபரோவின் கிழக்கே ரூஜ் பூங்காப் பக்கம் இருக்கிறது. வெப்பநிலை 4 பாகைக்கு மேலே இருக்கும்வரை அது திரியும். கோடை முடிந்துவிட்டது என்று நாம்தான் மறந்துவிடுவோம். இலைக்குவியலில் புரண்ட பிள்ளையை வீட்டில் குளிக்க வார்க்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமயிர் எல்லாம் பாருங்கள்.

சின்னச் சாமான்கள்தான் என்னைத் தூங்கவிடாதவை. முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் பிள்ளைகள் அள்ளி ஊற்றி விளையாட, அரிசிக்குப் பதிலாகக் காய்ந்த நிறச் சோளமணிகளைப் பெரிய பெட்டியில் கொட்டிக் கோப்பையும் புனலும் கொடுத்திருந்தோம். இலையுதிர்காலப் பெட்டி என்று பெயர், படத்துக்கு நல்ல வடிவு. அடுத்த கிழமை ஒரு தாய் வந்து, பிள்ளைக்குத் தடிமன், ஆனால் ஒரு மூக்குத்துவாரத்தில் மட்டும் வடிகிறது, மணக்கிறது என்றார். மருத்துவமனையில் எடுத்துக் காட்டினார்களாம்: ஊதிப் பெருத்த ஒரு சோளமணி. மூன்று ஆசிரியைகள் அறையில் இருந்தோம், ஒருவரும் காணவில்லை. ஒரு பக்கம் மட்டும் மூக்கு வடிந்து மணத்தால் அது தடிமன் அல்ல என்று நினைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக இடுக்கி விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே போய்விடும்.

முன்பள்ளி அறையில் இரண்டரை வயதுப் பிள்ளையும் இருக்கும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருள் தொண்டையில் சிக்கும் அளவா என்று சோதிக்கும் உருளையின் அகலம் 3.17 சென்ரிமீற்றர். ஓக் விதை அதற்குள் சுகமாகப் போகும். வீட்டில் ரொய்லற் பேப்பர் சுருளின் அட்டைக்குழாயால் பாருங்கள், அது கொஞ்சம் அகலமானது என்பதால் இன்னும் பாதுகாப்பு. குழாய்க்குள் போகிற எதுவும் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் கைக்கு வரக்கூடாது. பளபளவென்று கிடக்கும் ஹோர்ஸ் செஸ்ற்நட் கொட்டையை நான் அறைக்குள்ளேயே எடுப்பதில்லை, அது நஞ்சு. பைன் கூம்பில் நிலக்கடலை வெண்ணெய் பூசிப் பறவைக்குத் தொங்கவிடும் பழைய வேலையும் எங்கள் அறையில் இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்று இருந்தாலே போதும். மரக்கறிக் கொழுப்பு பூசினாலும் விதை ஒட்டும், பறவை வரும்.

பூசணி ஒன்று வாங்குங்கள், உண்மையான பூசணி. வெட்டுவதற்கு முதல் நிறைய வேலை இருக்கிறது. அணைத்துத் தூக்கிப் பார்க்கலாம், உருட்டலாம். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் தாழுமா மிதக்குமா என்று கேட்டேன்; எல்லாரும் தாழும் என்றார்கள். மிதந்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து அறை ஆசிரியை எட்டிப் பார்த்தார். பிறகு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கோல்ஃப் பந்தை நிறுத்தும் சின்ன ஆணியை மரச்சுத்தியலால் பூசணியில் அடிப்பார்கள். திறந்தபோது பாதிப் பேர் கை வைக்க மறுத்தார்கள், அவர்களுக்குக் கரண்டி. தமிழ்ப் பிள்ளை ஒன்று உள்ளே பார்த்துவிட்டு, "அம்மம்மா இதைக் கறி வைப்பா" என்றது. செதுக்கும் பூசணியில் கறி வைத்தால் தண்ணியாகத்தான் வரும், அதை நான் சொல்லவில்லை.

ஓக் விதைகளை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு உயரமான தட்டில் வைத்திருந்தேன். அடுப்பில் சூடாக்கிவிட்டு வைக்க வேண்டியது, மறந்துபோனேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை போத்தலின் அடியில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் ஆறோ ஏழோ நெளிந்தன. விதைக்குள் இருந்து வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வந்த வண்டின் குஞ்சுகள். மண்ணுக்குள் போகத்தான் இப்படிப் புறப்படும். அந்த வாரத்துக்கு என்று வெட்டி வைத்திருந்த கடதாசி ஆந்தைகள் உறையை விட்டு வெளியே வரவேயில்லை. மாலையில் கூட்டிப்போக வந்த அப்பாமாரும் சப்பாத்தோடு போத்தலைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். ஒவ்வொரு விதையாகத் திருப்பி எதில் ஓட்டை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். கதவைப் பூட்ட ஆறரை ஆகிவிட்டது.